கல்யாணம் திண்டுக்கல்லில், கிரீன் கார்டு ஃபைல் நியூஜெர்சியில்

எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் பெண்ணுக்கு அமெரிக்க சிட்டிசன் மாப்பிள்ளை அமைந்தால், சொந்தபந்தங்கள் முதலில் சொல்வது "இனி உனக்குக் கார்டைப் பத்திக் கவலையே இல்லை" என்பதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. கம்பெனி மூலம் விண்ணப்பிக்கும் ஈபி-2 பிரிவில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை 2025-லும் 2013 வாக்கில் மனு போட்டவர்களைச் சுற்றித்தான் நகர்ந்து கொண்டிருந்தது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்ட வரம்பால் வந்த வரிசை அது. சிட்டிசனின் கணவனுக்கும் மனைவிக்கும் அந்த வரம்பு கிடையாது. வரிசையும் கிடையாது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அன்றே அவர்களுக்கு இடம் இருக்கிறது.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அந்தக் கல்யாணம் உண்மையானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு முழுக்க நம்முடையது. நம் ஊர்க் கல்யாணங்களுக்கு சாட்சிக்குப் பஞ்சமே இல்லை, ஐந்நூறு பேர் பந்தியில் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் காகிதம் இருக்காது. வீடு மாமனார் பேரில், கரண்ட் பில் மாமனார் பேரில், போன் குடும்பத் திட்டத்தில், நகை லாக்கரில். கூட்டுக் குடும்பமாக ஒற்றுமையாக வாழும் ஒரு ஜோடிக்கு, "நாங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறோம்" என்று சொல்லும் ஒரு ரசீதுகூட இல்லாமல் போகலாம். இந்தக் குறையை எப்படிச் சரிக்கட்டினோம் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இதே நிலையில் இருக்கும் பெண்களும் பையன்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம். நான் திண்டுக்கல்காரி, நியூஜெர்சியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. என் கணவர் சென்னையில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் பெற்றோருடன் இங்கே வந்து சிட்டிசன் ஆனவர். இரண்டு வீட்டாரும் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். 2024 ஆவணியில் ஊரில் நடந்தது. திரும்பி வந்து எடிசனில் மாமா, அத்தையோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். அடுத்த ஆண்டு மார்ச்சில் விண்ணப்பம் போட்டோம்.

முதலில் ஃபாரங்களும் பணமும். அமெரிக்காவுக்குள் முறையாக வந்து இங்கேயே இருப்பவர்கள், இவள் என் மனைவி என்று கணவர் போடும் ஐ-130 மனுவையும் கிரீன் கார்டு கேட்டு நாம் போடும் ஐ-485 விண்ணப்பத்தையும் சேர்த்தே அனுப்பலாம். ஐ-130 உடன், கடந்த ஐந்து வருட முகவரியும் வேலையும் கேட்கும் ஐ-130ஏ போகும். வேலை அனுமதிக்கு ஐ-765, வெளிநாடு போய் வர அட்வான்ஸ் பரோலுக்கு ஐ-131, கணவர் கையெழுத்திடும் பொருளாதார உறுதிமொழி ஐ-864, மருத்துவப் பரிசோதனை ஐ-693. 2024 ஏப்ரல் 1-ல் கட்டணம் ஏறியது. காகிதத்தில் அனுப்பினால் ஐ-130க்கு 675 டாலர், ஐ-485க்கு 1440, அதோடு சேர்த்துப் போடும் ஐ-765க்கு 260, ஐ-131க்கு 630. நான்கும் சேர்ந்து 3005 டாலர். முன்பெல்லாம் கடைசி இரண்டுக்கும் தனிக் கட்டணம் கிடையாது, அதனால் பழைய கணக்கைச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு செக் எழுதாதீர்கள். சொல்லப்போனால் இப்போது செக்கே எழுத முடியாது. 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு, இந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் காகித செக் வாங்குவதில்லை, கார்டு மூலமோ வங்கிக் கணக்கிலிருந்தோதான் எடுத்துக்கொள்கிறது. கட்டணம் தப்பாக இருந்தாலோ, ஒரு கையெழுத்து விட்டுப் போனாலோ மொத்தக் கட்டும் திரும்பி வரும். ஒவ்வொரு ஃபாரத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும். அனுப்பும் அன்று காலையில் அதையும் கட்டணத்தையும் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

நாங்கள் வக்கீல் வைக்கவில்லை. ஒருமுறை பணம் கட்டி ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்டோம், அவ்வளவுதான். இருவருக்கும் முதல் கல்யாணம், விசா இடைவெளி இல்லாமல் இருந்தது, போலீஸ் கேஸ் எதுவும் இல்லை என்பதால் அது போதுமாக இருந்தது. முன்பு விவாகரத்து, விசா காலாவதி, கைது, இரண்டு வருடம் சொந்த நாட்டில் போய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுள்ள ஜே-1 பரிமாற்ற விசா என்று எது இருந்தாலும் நல்ல குடியேற்ற வக்கீலிடம் போவதுதான் புத்திசாலித்தனம். முக்கியமாக விசா காலாவதியானவர்கள். முறையாக நுழைந்து, சிட்டிசனைக் கட்டியவர்களுக்கு, காலம் தாண்டித் தங்கும் ஓவர்ஸ்டே ஒரு தடையில்லை என்பது சட்டம். ஆனாலும் 2025 கடைசியில் சான் டியாகோவில் கிரீன் கார்டு நேர்காணலுக்குப் போன அப்படிப்பட்ட சிலரைக் குடியேற்ற போலீசார் அங்கேயே பிடித்த செய்திகள் வந்தன. அப்படி ஒரு சூழலில் நெஞ்சுத் தைரியத்தை மட்டும் நம்பிப் போகக் கூடாது, கூட வக்கீல் இருக்க வேண்டும்.

இப்போது நம்மவர்களுக்கே உரிய பெரிய தலைவலிக்கு வருகிறேன். பெயர்.

என் பழைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. என் பெயர் மட்டும், ஒற்றைச் சொல்லாக, கிவன் நேம் கட்டத்தில். அமெரிக்க விசாவில் அது தலைகீழாக மாறியது. என் பெயர் சர்நேம் ஆகி, முன்பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது 'முன்பெயர் தெரியவில்லை' என்று அடித்துக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும், கல்லூரிச் சான்றிதழில் அதே இனிஷியல் பின்னால். ஒரே ஆள், காகிதத்தில் நான்கு பேர். ஃபைல் போடும் முன்பே நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகம் வழியாக, அவர்களுக்காக விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ் நிறுவனத்தில் விண்ணப்பித்து, அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டேன். அதன்பின் எல்லா ஃபாரத்திலும் அதே பெயர். 'இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எஃப்என்யூ உட்பட எல்லா வடிவத்தையும் எழுதினேன். இனிஷியலோடு இருப்பவரும் நானும் ஒருவரே என்று ஒரு நோட்டரி அஃபிடவிட்டும் வைத்தேன். கிரீன் கார்டில் என்ன பெயர் வருகிறதோ அதுதான் பிறகு லைசென்ஸ், வங்கி, சிட்டிசன்ஷிப் என்று கூடவே வரும். நேரம் இருக்கும்போதே சரிசெய்து கொள்வது நல்லது. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். நான் சேர்க்கவில்லை. அதனால் எங்கள் கேஸில் ஒரு கேள்விகூட வரவில்லை.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். தொண்ணூறுகளில் நர்சிங் ஹோமில் பிறந்த பலருடைய சான்றிதழிலும் அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் இருக்கும், குழந்தையின் பெயர் மட்டும் இருக்காது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டு, பிறகு யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். என்னுடையதும் அப்படித்தான். அப்பா நகராட்சிக்குப் போய், பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிப் பெயரைச் சேர்த்து, புதுச் சான்றிதழ் வாங்கி அனுப்பினார். இப்படிப் பெயர் சேர்க்கக் காலக்கெடு உண்டு, அரசு அதை அவ்வப்போது நீட்டித்தும் இருக்கிறது. உங்கள் பதிவு வருடத்துக்கு வழி திறந்திருக்கிறதா என்று முதலில் அங்கேயே கேளுங்கள். பதிவே இல்லாதவர்கள், 'இந்தப் பெயரில் பதிவு இல்லை' என்று பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அதோடு பத்தாம் வகுப்புப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நாம் பிறந்ததை நேரில் அறிந்த இரண்டு பெரியவர்களின் அஃபிடவிட் வைக்கலாம். அம்மா ஒருவர், பெரியம்மாவோ அத்தையோ இன்னொருவர் என்றால் பொருத்தமாக இருக்கும். அஃபிடவிட்டில் அவர்களுடைய முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, நமக்கு என்ன உறவு, எப்படித் தெரியும் என்பதெல்லாம் வர வேண்டும்.

தமிழில் இருக்கும் எந்தக் காகிதத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இதற்குக் கம்பெனியிடம் காசு கொடுக்கத் தேவையில்லை. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்து, 'எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது' என்று எழுதிக் கையெழுத்து, பெயர், முகவரி, தேதி போட்டால் போதும். சம்பந்தப்பட்ட நாமே செய்யாமல் வேறொருவரைச் செய்யச் சொல்வது நல்லது. எங்களுக்குக் கணவரின் நண்பர் ஒருவர் செய்து கொடுத்தார். சான்றிதழில் இருந்த ரப்பர் ஸ்டாம்பு எழுத்தைக்கூட விடாமல் மொழிபெயர்த்தார், அந்தக் கவனம் வேண்டும்.

கல்யாணப் பதிவை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2009-ல் வந்த சட்டப்படி எந்த மதத்தவரின் கல்யாணமும் கட்டாயம் பதிவாக வேண்டும். தாலி கட்டிய அடுத்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில், பத்திரிகை, மண்டப ரசீது, இருவர் பாஸ்போர்ட், சாட்சிகள் என்று போய் நின்றோம். சான்றிதழை அச்சிடும் முன் திரையில் எழுத்துக்கூட்டலைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். என் கணவர் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது, அங்கேயே திருத்தினார்கள். அதே பிழையை நியூஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு திருத்துவதென்றால் யாராவது ஒருவர் விமானம் ஏற வேண்டும். கையோடு மூன்று நான்கு சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பரிசோதனையை நம் வழக்கமான டாக்டரிடம் செய்ய முடியாது. யுஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த 'சிவில் சர்ஜன்' என்பவர்தான் செய்ய வேண்டும். 2024 டிசம்பர் 2 முதல் இந்த ஐ-693-ஐ ஐ-485 உடனேயே சேர்த்து அனுப்பியாக வேண்டும். பிறகு தருகிறேன் என்பது செல்லாது. கட்டணத்தை ஒவ்வொரு டாக்டரும் தன் விருப்பப்படி வைக்கிறார். நாலைந்து இடம் போன் செய்து, தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் அதில் அடக்கமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இங்கே நம்மவர்கள் பயப்படுவது காசநோய்ப் பரிசோதனைக்கு. பிறந்ததும் தோளில் போட்ட பிசிஜி ஊசியால் பாசிட்டிவ் காட்டிவிடுமோ என்ற பயம். பழைய தோல் பரிசோதனையில் அது நடக்கும். இப்போது எடுப்பது ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனை, பிசிஜி அதைப் பாதிப்பதில்லை. அதையும் மீறிப் பாசிட்டிவ் வந்தால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் உடம்பில் வேலை செய்யும் நிலையில் இல்லை என்று தெரிந்தால், உள்ளே உறங்கும் கிருமி கார்டுக்குத் தடையாகாது.

தடுப்பூசி அட்டையை அம்மா பத்திரமாக வைத்திருந்தால் அதிர்ஷ்டம். என்னிடம் இல்லை. சின்னம்மை கேள்வி வந்தபோது, ஆறாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டதும் வாசலில் வேப்பிலை செருகியதும்தான் நினைவுக்கு வந்தது. டாக்டரிடமே கூட்டிப் போகவில்லை, ஆகவே எழுத்தில் ஒன்றும் கிடையாது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் பரிசோதனை எடுத்தார்கள், அம்மைக்கு இருந்தது, ஊசி தேவைப்படவில்லை. தட்டம்மை, ரூபெல்லாவுக்கும் அப்படியே. டெட்டனஸ் ஊசி மட்டும் போட்டார்கள், குளிர்காலம் என்பதால் ஃப்ளூவும். கோவிட் ஊசி 2025 ஜனவரி 22 முதல் கட்டாயமில்லை. நான் போன இடத்தில் கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டு நகல் தர மறந்தார்கள். கவரைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் செல்லாது. கேட்டு நகல் வாங்கிய பிறகுதான், ஒரு பக்கத்தில் என் பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தது தெரிந்தது. அவர்களே திருத்திப் புதுக் கவரில் போட்டுத் தந்தார்கள். நகல் கேளுங்கள். எல்லாப் பக்கத்தையும் படியுங்கள்.

இனி, சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கான ஆதாரம். இதற்குத்தான் அதிக நாள் செலவழித்தோம், செலவழிக்கவும் வேண்டும்.

வாடகை ஒப்பந்தமோ வீட்டுப் பத்திரமோ எங்கள் பெயரில் இல்லை. மாமாவிடம் ஒரு கடிதம் கேட்டோம். இந்த வீடு என்னுடையது, மகனும் மருமகளும் இந்தத் தேதியிலிருந்து மாடி அறையில் இருக்கிறார்கள், வாடகை வாங்குவதில்லை, மாதாமாதம் மளிகைச் செலவை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட்டார். அதோடு அவருடைய சொத்து வரி ரசீதின் நகலையும் வைத்தோம். சிலர் இதற்காகப் பொய்யாக ஒரு வாடகை ஒப்பந்தம் தயார் செய்யச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மாமனார் வீட்டில் இருப்பது இந்த நாட்டிலும் குற்றமில்லை. இல்லாத வாடகையை இருப்பதாகச் சொல்வதுதான் ஆபத்து.

மற்றதெல்லாம் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே சேர்த்தோம். என் டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றினேன். கார் இன்ஷூரன்ஸில் இருவர் பெயரும் வந்தது. ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டில் அவரைச் சேர்த்தேன். கல்யாணமான முப்பது நாளுக்குள் சேர்க்காவிட்டால் பல கம்பெனிகளில் அடுத்த சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க வேண்டிவரும். என் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் நாமினி அவர், அவருடையதில் நான். 2024-க்கான வருமான வரியை இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தோம். இதற்கு இருக்கும் மதிப்பு மற்ற பலவற்றுக்கு இல்லை, ஏனென்றால் அரசிடமே போய் 'நாங்கள் தம்பதி' என்று கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறோம்.

ஜாயிண்ட் அக்கவுண்ட் திறந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நூறு டாலர் போட்டு அப்படியே கிடக்கும் கணக்கு ஒன்றையும் காட்டாது. எங்கள் இருவர் சம்பளத்திலிருந்தும் ஒரு பங்கு அதில் விழும். காய்கறி, பெட்ரோல், அத்தையின் மருந்து, ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதிலிருந்து போகும். ஆறு மாத ஸ்டேட்மெண்டைப் புரட்டினால் ஒரு குடும்பம் நடப்பது தெரியும்.

பெரியோர் பார்த்து முடித்த கல்யாணத்தில் 'காதலித்த காலம்' என்று காட்ட ஒன்றுமில்லையே என்று பலர் கவலைப்படுகிறார்கள். ஆதாரம் வேறு விதமாக இருக்கிறது, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த நாள், நிச்சயதார்த்தப் போட்டோ, இரு வீட்டுப் பெயரும் அச்சான பத்திரிகை, அவர் ஊருக்கு வந்து போன விமான டிக்கெட், நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் தினமும் பேசிய வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல். இரண்டு பக்கத்தில் எங்கள் கதையைத் தேதி வாரியாக எழுதி, எங்கள் வழக்கப்படி குடும்பங்கள் சந்தித்து, நாங்கள் தனியாகப் பேசி, இருவரும் சம்மதம் சொன்ன பிறகே முடிவானது என்று விளக்கினோம். சம்மதம் என்ற அந்த வரி முக்கியம். போட்டோக்களில் முப்பதை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதினோம். ஆல்பம் முழுவதையும் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஐ-864 பற்றி ஒரு வார்த்தை. கணவரின் வருமானம் ஏழ்மை வரையறையில் 125 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 2025-ல் இருவர் குடும்பத்துக்கு அது சுமார் 26,400 டாலர். தொகை பெரிதல்ல, கையெழுத்துதான் பெரிது. மனைவி சிட்டிசன் ஆகும்வரை, அல்லது சுமார் பத்து வருட வேலைக் கணக்கு சேரும்வரை அது கணவரைக் கட்டும், விவாகரத்தானாலும் விடாது. வருமானம் குறைவாக இருந்தால் சிட்டிசனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக வரலாம். அவரிடம் கையெழுத்துக் கேட்கும்போது இதையெல்லாம் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அனுப்பிய பிறகு ரசீதுகள், கைரேகை, பிறகு காத்திருப்பு. எச்-1பி-யிலோ, கம்பெனிக்குள் மாற்றலாகி வரும் எல்-1 விசாவிலோ இருப்பவர்கள் செல்லுபடியாகும் விசாவோடு அதே நிலையில் வெளிநாடு போய் வரலாம், ஐ-485 பாதிக்காது. எஃப்-1 மாணவர்கள் அட்வான்ஸ் பரோல் கைக்கு வராமல் வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். கேட்கவே கடினமாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி அதுதான். எச்-1பி-யில் இருக்கும் நான் ஏன் வேலை அனுமதியும் கேட்டேன் என்றால், ஆபீஸில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எச்-1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஐ-485 நிலுவையில் இருந்தால் நாட்டில் தங்கலாம், வேலை அனுமதி அட்டையான இஏடி கையில் இருந்தால் வேறு வேலைக்கும் போகலாம். ஆனால் இஏடி-யில் வேலை செய்யத் தொடங்கினால் எச்-1பி நிலை போய்விடும், அதன்பின் பயணத்துக்குப் பரோல் கட்டாயம். ஊரில் மனைவியோ கணவரோ இருந்தால் பாதையே வேறு. ஐ-130 அங்கீகாரமான பின் தேசிய விசா மையமான என்விசி, டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பம், மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் என்று போகும்.

நேர்காணல் நியூவர்க்கில், ராடினோ கட்டடத்தில். அசல் காகிதங்கள் எல்லாம் ஒரு பெட்டிக் கோப்பில், புதிதாகச் சேர்ந்த ஸ்டேட்மெண்டுகள் தனியாக. அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. வலது கையை உயர்த்தி உண்மையே பேசுவோம் என்று உறுதி சொல்லச் சொன்னார். ஐ-485-ல் இருக்கும் 'எப்போதாவது கைதானதுண்டா, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா' வகைக் கேள்விகளை வரிசையாக வாசித்தார். ஃபாரத்தில் எழுதிய பதிலும் வாயால் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் முந்தின நாள் நகலை எடுத்து முழுதும் படித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் போட்டோக்கள். தாலி கட்டும் படத்தில் விரலை வைத்து, "பின்னால் குனிந்து கழுத்தில் கை வைத்திருப்பவர் யார்?" என்று என் கணவரைக் கேட்டார். அவர், "என் அக்கா, மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போடுவார்" என்றார். "அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று என்னைக் கேட்டார். டல்லாஸில் இருக்கிறார், இரண்டாவது பெண் குழந்தை பிறந்து தீபாவளிக்குத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொன்னேன். அந்த ஒரு படத்திலிருந்தே அரைமணி நேரத்தில் பாதி போனது. யார் வீட்டில் சமைப்பது, மாமியார் என்ன மருந்து சாப்பிடுகிறார், போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள், எல்லாம் பேச்சுவாக்கில். பதிலை மனப்பாடம் செய்து போன யாராலும் இதைத் தாண்ட முடியாது. சேர்ந்து வாழ்பவர்கள் தயார் செய்யவே வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நான் கணவரின் பெரியப்பா பெயரை நினைவில்லை என்றுதான் சொன்னேன். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

பணம் வாங்கிக்கொண்டு கல்யாணப் பதிவு மட்டும் செய்துகொள்ளலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். 1986-ல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். அதைவிட, ஒருமுறை போலிக் கல்யாணம் என்று பதிவாகிவிட்டால், பிற்காலத்தில் உண்மையாகவே ஒரு சிட்டிசனை மணந்தாலும் மனு ஏற்கப்படாது. வாழ்நாள் தடை அது.

எங்களுக்குக் கார்டு வந்தது, இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. அங்கீகாரம் கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையாவிட்டால் அப்படித்தான் தருவார்கள். அது காலாவதியாகும் முன் 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும், இப்போது கட்டணம் 750 டாலர். ரசீது வந்ததும் பழைய கார்டின் ஆயுள் 48 மாதம் நீளும். ஜாயிண்ட் ஸ்டேட்மெண்டுகளை மாதாமாதம் இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வருகிறேன். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும். சிட்டிசனோடு சேர்ந்து வாழ்ந்தால் கார்டு கிடைத்து மூன்று வருடத்தில் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த நிபந்தனைக் கார்டைப் பற்றி, புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டு வருடம் அடி வாங்கிக்கொண்டு இருந்தாள். "ஒரு கையெழுத்து போடலைன்னா நீ அடுத்த ஃபிளைட்ல ஊருக்குப் போகணும்" என்பது அவன் தினமும் சொன்னது. அவளும் அதை நம்பினாள். ஊரில் தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை, திரும்பிப் போனால் என்ன சொல்வார்கள் என்ற பயம் வேறு.

அவன் சொன்னது சட்டப்படி உண்மையில்லை. நல்லெண்ணத்தோடு நடந்த கல்யாணம் விவாகரத்தில் முடிந்தாலோ, மனைவிக்குக் கொடுமை நடந்தாலோ, கணவர் கையெழுத்தே இல்லாமல் ஐ-751-ஐத் தனியாகப் போடலாம். கணவர் இன்னும் மனுவே போடவில்லை அல்லது போட்டதைத் திரும்பப் பெறுகிறேன் என்று மிரட்டுகிறார் என்றால், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக 1994-ல் வந்த வாவா சட்டத்தின் கீழ் ஐ-360 மனுவை மனைவியே தனக்காகப் போடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அப்படி ஒரு மனு வந்திருப்பதைக் கணவரிடம் சொல்லக் கூடாது என்று அதிகாரிகளுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. கொடுமைக்கு ஆளாகும் கணவன்மாருக்கும் இது பொருந்தும். பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94, கல்யாணச் சான்றிதழ் இவற்றின் போட்டோவைத் தனக்கு மட்டுமே தெரிந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்வதும், சம்பளம் போகும் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வதும் எல்லாப் பெண்களும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை, கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. நியூஜெர்சியில் தெற்காசியப் பெண்களுக்காக 1985 முதல் இயங்கும் மானவி என்ற அமைப்பு இருக்கிறது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் 1-800-799-7233 என்ற தேசியக் குடும்ப வன்முறை உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.